இழைப்புளிக்கு வேலையில்லாத பலகை

பட்டறைக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் கை சும்மா இருக்காமல் ஏதாவதொரு டிராயரை இழுத்துப் பார்ப்பார்கள். முழுசாக வெளியே வரும், தொங்காது, லேசாகத் தள்ளினால் உள்ளே போய்விடும். "நல்லா பண்ணியிருக்கீங்களே" என்பார்கள். அப்புறம் பக்கவாட்டில் விரலால் தட்டி, "பிளைவுட்டுங்களா?" என்று கேட்பார்கள். இல்லை, பிரீலேம் பார்ட்டிகல் போர்டு, அதாவது மரத்தூளைப் பசையில் அழுத்தி மேல்தோல் ஏற்றிய பலகை என்று சொன்னதும் முகம் மாறும். "இவ்வளவு மெனக்கெட்டதுக்கு இன்னும் கொஞ்சம் போட்டு பிளைவுட்லயே அடிச்சிருக்கலாமே." ஒரு நிமிடத்துக்கு முன்னால் நன்றாக இருந்த அதே டிராயர்தான்.

இந்தப் பேச்சை ஒரு காதில் வாங்கி மறு காதில் விட்டுவிடலாம் என்றுதான் பார்த்தேன். முடியவில்லை. அவர்கள் சொல்வதில் முக்கால்வாசி பழக்கதோஷம். அதற்குப் பதில் இருக்கிறது. மீதிக் கால்வாசிக்கு என்னிடம் சரியான பதில் இல்லை. அது பார்ட்டிகல் போர்டு தண்ணீரில் ஊறிவிடும் என்கிற வழக்கமான குறை அல்ல. வேறொன்று. எங்கள் வீதியில் இருக்கும் வயதான ஆசாரி ஒருவர் சொன்னது. அதற்கு வருவதற்கு முன்னால் நான் ஏன் இந்தப் பலகையை எடுத்தேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

கோவையில் மோட்டார் ரீவைண்டிங் செய்கிறவன் நான். எங்கள் தொழிலில் சாமான் எல்லாம் சின்னது, ஆனால் கனம். 6202, 6203, 6204 என்று வரிசையாக பேரிங், கெபாசிட்டர், புஷ், ஆயில் சீல், லெதராய்டு பேப்பர், வார்னிஷ் டின், பல கேஜில் காப்பர் கம்பிச் சுருள்கள். இவையெல்லாம் இரும்பு ரேக்கிலும் காலி பெயின்ட் வாளிகளிலும் கிடந்தன. ரேக்கில் பின்வரிசையில் இருப்பது கண்ணுக்குத் தெரியாது. இருப்பதையே மறுபடி வாங்கி வருவோம். டிராயர் என்றால் இழுத்ததும் கடைசி மூலை வரைக்கும் தெரியும். அதனால் மேசைக்குக் கீழே வரிசையாக டிராயர் பெட்டிகள் போடுவது என்று முடிவானது.

பிளைவுட் என்றால் அதோடு வேலை முடியாது. மைக்கா ஒட்ட வேண்டும். ஒரு பக்கம் மட்டும் ஒட்டினால் பலகை வளையும், உள்பக்கமும் ஏதாவது ஒட்டியாக வேண்டும். ஒட்டின பிறகு ஓரம் அறுக்க வேண்டும். பிரீலேமில் இரண்டு பக்கமும் மெலமைன் பிசினில் ஊறிய காகிதத்தைத் தொழிற்சாலையிலேயே சூடும் அழுத்தமும் கொடுத்து ஏற்றிவிடுகிறார்கள். எங்கள் மாதிரிப் பட்டறைக்கு அந்தப் பரப்பு ஒரு வரம். கிரீஸ் கையால் பிடித்தாலும் துணியில் துடைத்தால் போய்விடுகிறது. வெள்ளையாக எடுத்தால் டிராயருக்குள் விளக்கில்லாமலே ஒரு வாஷர் கிடப்பது தெரிகிறது. மார்க்கரால் மேலேயே எழுதலாம், ஸ்பிரிட் தொட்டு அழிக்கலாம். காசைப் பற்றிக் கேட்டால், பிளைவுட், மைக்கா, கூலி எல்லாம் சேர்த்துச் சொன்ன விலையில் பாதிக்குள் முடிந்தது. ஆனால் காசுக்காக மட்டும் எடுத்தேன் என்று சொன்னால் அது பொய்.

முடிவெல்லாம் காகிதத்தில்

மரத்தில் வேலை செய்கிறவருக்குக் கடைசி வரைக்கும் ஒரு வாய்ப்பு கையில் இருக்கும். டிராயர் ஒரு நூல் இறுக்கமா, இழைப்புளியை எடுத்து இரண்டு இழுப்பு. கதவு உரசுகிறதா, கழற்றி ஓரத்தைச் சீவிவிட்டு மாட்டலாம். மழைக்காலத்தில் மரம் உப்பும், வெயிலில் சுருங்கும், அதற்கும் சேர்த்துத்தான் ஆசாரிகள் கணக்குப் போடுவார்கள். அளவு என்பது அவர்களுக்கு ஒரு தொடக்கம். பொருத்திப் பார்த்துப் பொருத்திப் பார்த்துத்தான் முடிவுக்கு வருவார்கள்.

மெலமைன் பலகையில் அந்த வேலையே கிடையாது. இழைப்புளி வைத்தால் மேல்தோல் சில்லுச் சில்லாகத் தெறிக்கும், உள்ளே இருக்கிற தூள் உதிரும். வெட்டிய விளிம்பில் பி.வி.சி. பட்டை ஒட்டின பிறகு அந்த அளவு அளவுதான். ஆகவே யோசனையெல்லாம் வெட்டுவதற்கு முன்னாலேயே நடந்துவிட வேண்டும். எனக்கு அது பிடித்திருந்தது. காயில் சுற்றுகிறவனுக்கு இது புதிதல்ல. எத்தனை சுற்று, என்ன கேஜ், என்ன பிட்ச் என்பதை முதலிலேயே எழுதிவைக்காமல் கம்பியில் கை வைக்க மாட்டோம்.

டிராயர் கணக்கைச் சொல்கிறேன், செய்து பார்க்கிறவர்களுக்கு உதவும். பெட்டியின் வெளி அகலம் 600 மி.மீ. என்று வையுங்கள். இரண்டு பக்கமும் 18 மி.மீ. பலகை போனால் உள் அகலம் 564. கடையில் டெலிஸ்கோபிக் சேனல் என்று கொடுக்கிற, டிராயரின் பக்கவாட்டில் மாட்டி அதை ஓடவைக்கிற பால் பேரிங் சேனலுக்கு ஒரு பக்கத்துக்கு 12.7 மி.மீ., அதாவது அரை அங்குலம் வேண்டும். இரண்டு பக்கத்துக்கும் சேர்த்து 26 விட்டால் டிராயரின் வெளி அகலம் 538. அதன் முன்பலகையும் பின்பலகையும் பக்கப்பலகைகளுக்கு நடுவில் உட்கார்ந்தால் அவற்றின் நீளம் 502. இவ்வளவுதான் கணக்கு. இதில் ஒரு தந்திரம் உண்டு. டிராயர் ஒரு மி.மீ. குறுகிப்போனால் சேனலுக்குப் பின்னால் மெல்லிய அட்டை வைத்துச் சமாளித்துவிடலாம். ஒரு மி.மீ. அகன்றுபோனால் சேனல் இறுகி பேரிங் கடமுடா என்று சத்தம் போடும், ஒன்றும் செய்ய முடியாது. அதனால் சந்தேகம் வந்தால் குறைத்துத்தான் எழுத வேண்டும். பலகையின் கனத்தையும் கடைக்காரர் வாயால் கேட்டு எழுதக் கூடாது. வெர்னியர் வைத்துப் பாருங்கள். 18 என்று விற்பது 17.8 ஆகவும் இருக்கும், 18.2 ஆகவும் இருக்கும். இரண்டு பக்கமும் சேரும்போது அதுவே சேனலின் சுகத்தைக் கெடுக்கப் போதும்.

ஷீட்டில் எப்படி அடுக்குவது என்பது தனி விளையாட்டு. 8க்கு 4 ஷீட் என்பது 2440க்கு 1220. என் பெட்டியின் ஆழம் 560. நீளவாக்கில் 560 அகலத்துக்கு இரண்டு பட்டை எடுத்தால், ரம்பம் தின்றது போக 90 மி.மீ. சொச்சத்துக்கு ஒரு பட்டை மிஞ்சும். முதலில் அதைக் கழிவு என்றுதான் நினைத்தேன். மேசைப் பலகை மேலே வரப்போகிறதால் பெட்டிக்கு முழு மேல்பலகை தேவையில்லை, முன்னால் ஒன்று பின்னால் ஒன்று குறுக்குப் பட்டை போதும். அந்த மிச்சம் அப்படியே அதற்குப் போய்விட்டது. வரைந்து பார்க்கிறபோது இப்படி ஒன்று வந்து பொருந்தினால் வருகிற சந்தோஷத்தை வீட்டில் யாரிடமும் விளக்க முடியவில்லை.

வெட்டுவதை நான் செய்யவில்லை. பேனல் சா வைத்திருக்கும் கடையில் கொடுத்தேன். 18 மி.மீ. முழு ஷீட் 36 கிலோ பக்கம் வரும். அதைத் தனியாளாகக் கை ரம்பத்தில் நேராக வெட்டுவது வீண் வீரம். அந்த இயந்திரத்தில் பெரிய பிளேடுக்கு முன்னால் ஒரு குட்டிப் பிளேடு எதிர்த்திசையில் சுழலும். அது அடிப்பக்க மெலமைனை லேசாகக் கீறிவிட்டுப் போகும், பின்னால் வருகிற பெரிய பிளேடு அந்தக் கீறலுக்குள்ளேயே வெட்டும். அதனால்தான் இரண்டு பக்கமும் சில்லு தெறிக்காமல் கண்ணாடி மாதிரி ஓரம் கிடைக்கிறது. கையால் வெட்டியே ஆக வேண்டும் என்றால் பல் அதிகமுள்ள பிளேடு, கோட்டின் மேல் மாஸ்கிங் டேப், நல்ல பக்கம் கீழே. அதற்கு மேல் எதிர்பார்க்காதீர்கள்.

வெட்டிய பலகைகளை வீட்டுக்குக் கொண்டுவந்து கூட்டியபோது மூலைக்கு மூலை அளந்து பார்த்தேன். மூலைமட்டம் வைக்காமலே சதுரமாக உட்கார்ந்திருந்தது. அப்போதுதான் ஒன்று உறைத்தது. கைத்திறமை எங்கும் போய்விடவில்லை. கூட்டுகிற இடத்திலிருந்து அளவு எழுதுகிற இடத்துக்கு மாறியிருக்கிறது. கையால் இழைத்தவருக்கு இருக்கிற பெருமை இதில் கிடைக்காது என்பது உண்மை. ஆனால் வேலையே இல்லை என்று சொல்வதை ஏற்க முடியாது.

ஆணி, திருகு, அப்புறம் ஒரு கேள்வி

அந்த ஆசாரிதான் எங்கள் வீட்டு நிலை, கதவு, ஜன்னல் எல்லாம் செய்தவர். இப்போது கண் சரியாகத் தெரியாததால் வேலைக்குப் போவதில்லை. சாயங்காலம் டீ குடிக்க வரும்போது பட்டறையில் கொஞ்ச நேரம் உட்காருவார். நான் டிராயர் கூட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டு, "ஏனுங் தம்பி, இந்தத் தூள் பலகையில போயா பண்றீங்க?" என்று கேட்டார். சொல்லிவிட்டுக் கீழே கிடந்த துண்டு ஒன்றை எடுத்து, சுத்தியலை வாங்கி, அதன் விளிம்பில் ஒரு ஒன்றரை அங்குல ஆணியை இறக்கினார். பாதி இறங்குவதற்குள் விளிம்பு உப்பி, பலகை இரண்டாகப் பிளந்தது. "பாத்தீங்களா? ஆணியே தாங்கல."

ஆணி இதற்கு ஆகாது என்று எனக்கும் தெரியும். பலகையின் முகத்தில் திருகு நன்றாகப் பிடிக்கும், விளிம்பில் பிடிப்பு குறைவு. நடுவில் இருப்பது பெருந்தூள். அதற்காகவே வந்தது கன்பர்மட் ஸ்க்ரூ. தடித்த தண்டு, அகலமான ஆழமான மரை. நான் பயன்படுத்தியது 7 மி.மீ. தடிமன், 50 மி.மீ. நீளம். விளிம்பில் 5 மி.மீ. துளை, மேல் பலகையில் 7 மி.மீ. துளை போட்டுத்தான் ஏற்ற வேண்டும். துளை போடாமல் ஏற்றினால் ஆணியின் கதைதான். இரண்டு துண்டுகளை எல் வடிவில் வைத்து இரண்டு திருகு போட்டு, "இப்ப ஒடைங்க பாக்கலாம்" என்று அவர் கையில் கொடுத்தேன்.

கையால் முறுக்கிப் பார்த்தார், அசையவில்லை. அவருக்கு எழுபது தாண்டியிருக்கும், ஆனாலும் விடுகிற ஆள் இல்லை. ஒரு காலைத் தரையில் வைத்து மிதித்துக்கொண்டு இன்னொன்றை நெம்பினார். கடைசியில் பிஸ்கட் ஒடிகிற மாதிரி மொடுக்கென்று போனது. நான் குனிந்து பார்த்தேன். திருகு இரண்டும் பலகையை விடவேயில்லை. மரையைச் சுற்றித் தூளைக் கவ்வியபடியே, பலகையை ஒரு கட்டியாகப் பிய்த்துக்கொண்டு வந்திருந்தன. எனக்குப் பெருமை. பாருங்க, திருகு தோற்கவில்லை, பலகைதான் கிழிந்தது என்று சொன்னேன்.

அவர் திருகைப் பார்க்கவே இல்லை. கிழிந்த இடத்தில் கட்டை விரலை வைத்துத் தடவிக்கொண்டிருந்தார். தூள் உதிர்ந்தது. "சரிங்க, கெட்டியாத்தான் இருக்குது, ஒத்துக்கறேன். ஒடைஞ்சதுக்கப்புறம் இதை என்னுங்க பண்றது?" என்றார். நான் பதில் சொல்வதற்குள் அவரே தொடர்ந்தார். பழைய வீட்டுக் கதவொன்றைப் பிரித்து மேசை செய்தாராம். மேசைக் கால் ஆட ஆரம்பித்ததும் அதே பலகையில் முக்காலி. அந்த முக்காலியில்தான் இன்றைக்கும் அவர் வீட்டுக்காரம்மா உட்கார்ந்து காய் நறுக்குகிறார். "மரம்னா ஒடைஞ்ச எடத்தை வெட்டிட்டு வேற துண்டு கொடுத்துக்கலாம். இது ஒரு தரம் போச்சுன்னா போனதுதானுங்க தம்பி."

பலம் பற்றி அவரிடம் வாதாடத் தயாராக இருந்தேன். அவர் கேட்டது பலம் பற்றி அல்ல, மறுபிறவி பற்றி. திருகு ஓட்டை தளர்ந்தால் வைத்தியம் இருக்கிறது. ஓட்டையைப் பெரிதாக்கி மரக் குச்சி ஒன்றைப் பசை போட்டு இறக்கிவிட்டு மறுபடி துளை போடலாம். கிழிந்த பலகைக்கு வைத்தியம் இல்லை. இந்தப் பலகை தோன்றியதே வீண் போகிற மரத்தை என்ன செய்வது என்ற யோசனையில்தான். 1930களில் மாக்ஸ் ஹிம்மல்ஹெபர் என்கிற ஜெர்மானியர் கழிவு மரத்தைத் தூளாக்கிப் பசையில் அழுத்திப் பலகையாக்கப் பார்த்தார். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் நல்ல மரத்துக்குத் தட்டுப்பாடு வந்தபோது அங்கே அது தொழிற்சாலைக்கும் போய்விட்டது. கழிவிலிருந்து வந்தது, உடைந்ததும் கழிவுக்கே திரும்புகிறது. நடுவில் எத்தனை வருடம் என்பதுதான் செய்கிறவன் கையில் இருக்கிறது.

இன்னொரு சங்கடமும் உண்டு. இதை அடுப்பில் வைக்க முடியாது. மரத்துண்டு என்றால் வெந்நீர் அடுப்புக்காவது போகும். இதில் தூளைப் பிடித்திருப்பது பெரும்பாலும் யூரியா பார்மால்டிஹைடு பசை. பார்மால்டிஹைடைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004இல் முதல் பிரிவில் சேர்த்தது. பயந்து ஓட வேண்டியதில்லை. பார்மால்டிஹைடைக் குறைவாக வெளிவிடும் ஈ1 தரப் பலகையாக வாங்கி, வெட்டிய விளிம்பு எல்லாவற்றுக்கும் பட்டை ஒட்டினால் வெளியே வருவது நன்றாகக் குறையும். கண்ணுக்குத் தெரியாத பின் விளிம்புக்கு எதற்குப் பட்டை என்று மிச்சம் பிடிப்பார்கள், அது வேண்டாம். துளை போடும்போதும் வெட்டும்போதும் முகமூடி. எரிப்பது மட்டும் கூடவே கூடாது. எங்கள் பக்கத்துக் காலி மனையில் யாரோ பழைய சமையலறைப் பெட்டிகளைப் போட்டுக் கொளுத்தியதிலிருந்து வந்த நெடி இரண்டு வீதிக்கு அடித்தது.

கழற்றுவதற்காகக் கூட்டுவது

பசையும் மரக் குச்சியும் போட்டு நிரந்தரமாகக் கூட்டிவிடுவது என்றுதான் வரைந்து வைத்திருந்தேன். ஆசாரியிடம் பேசின பிறகு அதை மாற்றினேன். மீதிப் பெட்டிகளில் சொட்டுப் பசை கிடையாது. எல்லாம் திருகு. எந்தப் பலகை போனாலும் அதை மட்டும் கழற்றி வேறு போடலாம். ஒவ்வொரு பெட்டியின் உள்பக்கத்திலும் அதன் எல்லாப் பலகை அளவுகளையும் மார்க்கரால் எழுதி வைத்திருக்கிறேன்; பத்து வருடம் கழித்து வேறு யாராவது வந்தாலும் அளந்துகொண்டிருக்க வேண்டாம். ஒரே நீளப் பெட்டியாக இல்லாமல் 600 அகலத்தில் தனித்தனிப் பெட்டிகளாக வைத்து ஒன்றோடொன்று போல்ட் போட்டிருப்பதும் இதற்காகத்தான். பட்டறை இடம் மாறினால் தனித்தனியாகத் தூக்கிக்கொண்டு போகலாம்.

தண்ணீர் விஷயத்திலும் எல்லோரும் சொல்வதை அப்படியே தள்ளவில்லை. 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னை வேளச்சேரியில் சித்தி வீட்டுக்குள் தண்ணீர் வந்தது. வடிந்த பிறகு போய்ப் பார்த்தபோது சமையலறையின் கீழ்ப் பெட்டிகள் எல்லாம் உப்பி, மேல்தோல் வெடித்து நின்றன. மேல் பெட்டிகளுக்கு ஒன்றுமில்லை, இன்றைக்கும் அவைதான் இருக்கின்றன. மெலமைன் முகத்தில் தண்ணீர் கொட்டினால் துடைத்துவிடலாம். விளிம்பு வழியாக உள்ளே ஏறினால்தான் கேடு. ஒருமுறை உப்பினது காய்ந்தாலும் பழைய கனத்துக்குத் திரும்பாது. வெள்ளம்கூட வேண்டாம், தினமும் ஈரத் துணியால் தரையைத் துடைப்பதே போதும். அதனால் என் பெட்டிகள் எதுவும் தரையைத் தொடவில்லை. கீழே 100 மி.மீ. உயரத்தில் வேப்ப மரச் சட்டம் தனியாகக் கிடக்கிறது, அதன்மேல் பெட்டி. சட்டம் கரையானுக்கோ ஈரத்துக்கோ போனால் அதை மட்டும் மாற்றலாம்.

டிராயரின் அடிப்பலகையை மட்டும் 12 மி.மீ. பிளைவுட்டில் போட்டேன். தாமிரம் தண்ணீரைப்போல ஒன்பது மடங்கு கனம். சாதாரணமாக எல்லோரும் போடுகிற 6 மி.மீ. அடிப்பலகை, சட்டை துணிமணிக்குச் சரி. கம்பிச் சுருளை வைத்தால் ஒரு மாதத்தில் தொய்ந்து கீழ் டிராயரின் மேல் உரசும். சேனல் 35, 45 கிலோ தாங்கும் என்று அட்டையில் போட்டிருப்பார்கள், அடிப்பலகை தாங்குமா என்பதை யாரும் போடுவதில்லை. பார்ட்டிகல் போர்டுக்காக இவ்வளவு பேசுகிறவன் அடியில் பிளைவுட் வைத்திருக்கிறானே என்று சிரிப்பவர்கள் சிரிக்கலாம். எங்கே எது தாங்குமோ அதை அங்கே போட்டேன்.

இன்னும் மேசைக்கு மேலே உள்ள சுவர் பாக்கி. அங்கே மூன்றடி அகலத்தில் திறந்த அலமாரி வேண்டும். நீளம் கூடினால் தொய்வதுதான் பார்ட்டிகல் போர்டின் பெரிய பலவீனம். இரண்டடி அகலத்தை மூன்றடியாக்கி அதே நெருக்கத்தில் சாமான் அடுக்கினால் தொய்வு ஒன்றரை மடங்கு ஆகாது, ஐந்து மடங்கு ஆகும். வருடம் போகப் போக அது இன்னும் இறங்கும். முன் விளிம்பில் இரண்டு அங்குல உயரத்துக்கு ஒரு வேங்கை ரீப்பர், அதாவது மெல்லிய மரச் சட்டம் கொடுத்தால் நிற்கும். ஆசாரியிடம் பழைய உத்தரத்தில் அறுத்த வேங்கை இருக்கிறது, தருகிறேன் என்கிறார். பசை போடக் கூடாது, திருகு மட்டும்தான் என்பது அவர் போட்ட நிபந்தனை. பசை போட்டால்தான் பலகையும் ரீப்பரும் ஒன்றாகச் சேர்ந்து சுமை தாங்கும், வெறும் திருகில் அந்தப் பலத்தில் கொஞ்சம் போய்விடும் என்பது என் கணக்கு. தூள் பலகையோடு வேங்கையை ஒட்டிவிட்டால் அது போகிற அன்றைக்கு வேங்கையும் அதோடு போய்விடும் என்பது அவர் கணக்கு. ரீப்பர் இன்னும் அவர் வீட்டுத் திண்ணையில்தான் கிடக்கிறது.